முத்திரை டெல்லியில், வேலை திருப்பூரில்

ஐ.டி.ஐ. சேர்க்கை நேரத்தில் பெற்றோர் முதலில் கேட்பது, "இது சென்ட்ரல் கவர்ன்மென்ட் சர்டிபிகேட்டா?" என்றுதான். எந்தத் தொழிற்பிரிவு, எந்த மெஷினில் கை பழகும், கடைசியில் தேர்வு வைப்பது யார் என்பதெல்லாம் அப்புறம். இலவசத் திறன் பயிற்சி மையங்களும் இதைப் புரிந்துவைத்திருக்கின்றன. ஃப்ளெக்ஸ் பேனரில் சொல்லித்தரும் தொழிலின் பெயரைவிட லோகோக்கள்தான் பெரிதாக இருக்கும். அரசுப் பணத்தில் நடக்கும் இந்தப் பயிற்சிகளைப் பற்றி, முக்கியமாக அவற்றின் சான்றிதழ்களைப் பற்றி, நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகளைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

"மாநில அரசு கொடுக்கும் சான்றிதழ் செல்லாது"

வீட்டுக்கு வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியனை எடுத்துக்கொள்வோம். அவர் கையில் டெல்லி முத்திரையோடு எத்தனை காகிதம் இருந்தாலும், மின் நிறுவல் வேலையைச் சட்டப்படி செய்ய மாநில அரசின் அனுமதி வேண்டும். இதைச் சொல்வது மாநிலச் சட்டம் அல்ல. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளே அப்படித்தான் சொல்கின்றன: மாநில அரசிடம் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர், அனுமதி பெற்ற வயர்மேன். பல்பு மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாட்டில் இதற்கென மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த தேர்வு ஒன்று உண்டு. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துவது, அரசு ஐ.டி.ஐ.களில் நடக்கும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வயரிங்கில் 5 ஆண்டுக்குக் குறையாத அனுபவம் வேண்டும். பத்து வயதிலேயே பள்ளியை விட்டு, மேஸ்திரி பின்னால் ஏணி தூக்கிப் போன ஒருவர் தன் கைத்திறனுக்கு அரசிடம் சான்று வாங்கும் வழி இது. 'முன்கற்றல் அங்கீகாரம்' என்று இப்போது மத்தியத் திட்டங்கள் புதிதுபோலச் சொல்வதைத்தான் இந்தத் தேர்வு வெகுநாளாகச் செய்துவருகிறது. இதற்குப் பெரிய விளம்பரம் கிடையாது. செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் ஓர் ஓரமாக வந்துவிட்டுப் போகும்.

தட்டச்சும் அப்படித்தான். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். குரூப் 4 தட்டச்சர் பதவிக்கு அந்தத் தேர்ச்சிதான் கேட்கப்படுகிறது.

இந்த நம்பிக்கையில் கால்வாசி உண்மையும் இருக்கிறது. ஐ.டி.ஐ. சான்றிதழில் என்.சி.வி.டி., எஸ்.சி.வி.டி. என்று இரண்டு வகை. முன்னது தேசியக் குழுமம், பின்னது மாநிலக் குழுமம். ரயில்வேயின் உதவி லோகோ பைலட் அறிவிப்பில் இரண்டுமே ஏற்கப்படுகின்றன. ஆனால் என்.சி.வி.டி. மட்டுமே கேட்கும் பொதுத்துறை நிறுவனங்களும் உண்டு. எந்த வேலையைக் குறிவைக்கிறோமோ அதன் பழைய அறிவிக்கையைச் சேரும் முன்பே எடுத்துப் படித்துவிடுவது நல்லது.

"லெவல் 4 என்றால் எல்லா ஊரிலும் லெவல் 4"

தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோது அதில் 10 நிலைகள். 2023-இல் அது திருத்தப்பட்டு 8 நிலைகள் ஆனது, நடுவில் 2.5, 3.5 என்று அரை நிலைகளும் வந்தன. அளவுகோலே மாறிவிட்டதால், பழைய சான்றிதழின் எண்ணையும் புதிய சான்றிதழின் எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் தொழில் நடக்கும் இடத்தில் இருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு டைலர் வேலை கேட்டுப் போகிறவரிடம் சான்றிதழை யாரும் முதலில் கேட்பதில்லை. ஓவர்லாக்கா, பேட்லாக்கா, சிங்கரா என்று கேட்டு மெஷினில் உட்கார வைப்பார்கள். கையில் நாலு கட்டிங் பீஸ். தோளைச் சேர்த்து, கழுத்துக்கு ரிப் ஏற்றச் சொல்வார்கள். ரிப் நீளம் கழுத்துச் சுற்றளவைவிடக் குறைவு; ஒரே சீராக இழுத்துக் கொடுத்துக்கொண்டே தைக்க வேண்டும். கூடுதலாக இழுத்தால் உடல்துணி சுருங்கும். இழுக்காமல் விட்டால் கழுத்து தொளதொளவென்று நிற்கும். இரண்டாவது பீஸ் முடிவதற்குள் சூப்பர்வைசர் முடிவுக்கு வந்துவிடுவார். அடுத்த கேள்வி, ஒரு மணி நேரத்தில் எத்தனை பீஸ் வரும் என்பது.

தேசியத் தொழில் தரத்தில் பின்னலாடைத் தையலுக்கும் ஆவணம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல முடியாது. தையல் எப்படி இருக்க வேண்டும், ஊசியை எப்படி மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. வேகம், கழிவு என்று வந்தால் பெரும்பாலும் 'நிறுவனத்தின் விதிப்படி' என்று கடந்துவிடுகிறது. நாட்டுக்கே பொதுவாக எழுதுகிறவர்கள் வேறெப்படி எழுத முடியும்? அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது திருப்பூர்தான். அதற்கான அதிகாரம் திருப்பூரிடம் இல்லை என்பதே குறை.

"பயிற்சி நேரம் கூடினால் தரம் கூடும்"

பயோமெட்ரிக் வருகைப்பதிவு, மணிக்கணக்கு, அதற்கேற்ற கட்டணம். மையங்களுக்குப் பணம் வருவதில் மணிக்கணக்கு ஒரு முக்கியக் காரணி என்பதால் இந்த நம்பிக்கை வேரூன்றிவிட்டது. தேசியக் கிரெடிட் கட்டமைப்பிலும் 30 மணி நேரம் ஒரு கிரெடிட். ஆனால் உட்கார்ந்திருந்த நேரம் வேறு, கற்றது வேறு. வெல்டிங் படித்தவரின் தரம் அவர் போட்ட ஜாயிண்ட்டில் தெரியும், வருகைப்பதிவேட்டில் தெரியாது. மதிப்பீட்டு நாளில் டேப்லெட்டில் விடையைத் தொட்டதோடு முடிந்ததா, வெல்டிங் ராடு பிடிக்கவும் வைத்தார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

"உள்ளூரிடம் விட்டால் தரம் கெட்டுவிடும்"

அதிகாரிகளும் படித்தவர்களும் அதிகம் நம்புவது இதைத்தான். பயம் நியாயமானதே. பயிற்சி தருபவரும், தேர்வு வைப்பவரும், குழுவில் உட்காருபவரும் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே கல்யாணத்துக்குப் போகிறவர்கள் என்றால் யாரைத்தான் ஃபெயில் போடுவார்கள்?

நம்மிடம் இப்போது இருக்கும் ஏற்பாட்டைப் பாருங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டத் திறன் குழு உண்டு. மாவட்டத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தை அதுதான் தயாரிக்க வேண்டும். எந்தத் தொழிலுக்கு ஆள் தேவை என்று சொல்லலாம். தேர்ச்சி என்றால் என்ன என்று சொல்ல முடியாது. அது துறைத் திறன் குழுமங்களும், அவற்றுக்கு மேல் 2018-இல் அமைக்கப்பட்ட தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமமும் பார்த்துக்கொள்ளும் காரியம்.

அமெரிக்காவில் இதே கேள்விக்கு வேறொரு விடை கண்டிருக்கிறார்கள். 2014-இல் வந்த தொழிலாளர் பயிற்சிச் சட்டப்படி, உள்ளூர் வாரியங்களில் பெரும்பான்மை உறுப்பினர்கள் தொழில் நடத்துகிறவர்கள். அரசுப் பணம் பெறத் தகுதியான பயிற்சி நிறுவனங்களுக்கு மாநில ஆளுநர் அளவுகோல் வைக்கிறார். அதற்கு மேல் கூடுதல் நிபந்தனை போடவும், தேர்ச்சி அளவை உயர்த்தவும் உள்ளூர் வாரியத்துக்கு உரிமை உண்டு. அதே சமயம், வாரியமே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழ் அங்கீகரிக்கப்பட்ட தகுதியாகக் கணக்கில் வராது. 'வேலைக்குத் தயார்' என்ற வகைச் சான்றும் வராது. பாதுகாப்பு, சுகாதாரம் போன்ற பொதுத்திறனுக்கான சான்றும் வராது. குறிப்பிட்ட தொழிலின் திறனுக்கு, அந்தத் தொழில்துறை மதிக்கும் சான்றுதான் வேண்டும்.

அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. இந்தக் கோடு போட்ட இடம் சரி. தேசிய அளவு கீழ்வரம்பாக இருக்கட்டும். அதைக் குறைக்க மாவட்டத்துக்கு உரிமை வேண்டாம், கூட்ட உரிமை வேண்டும். திருப்பூர் தன் டைலருக்கு மணிக்கு இத்தனை பீஸ் என்று சேர்த்துக்கொள்ளட்டும். கோயம்புத்தூர் தன் சி.என்.சி. ஆபரேட்டரிடம் மைக்ரோமீட்டரைக் கொடுத்து அளந்து காட்டச் சொல்லட்டும். தேர்வு வைப்பவர் மட்டும் வெளியூர்க்காரராக இருந்தால் போதும்.

"சான்றிதழ் இருந்தால் வேலை உறுதி"

இதை நம்புகிறவர்கள் குறைந்துவருகிறார்கள். இன்னும் நம்புகிறவர்களுக்காக: பயிற்சி முடித்ததற்கான சான்று, தேர்வில் தேறியதற்கான சான்று, உரிமம் என்று மூன்றும் வேறு வேறு. முதலாவது வந்து போனதைச் சொல்கிறது. இரண்டாவது யாரோ சோதித்ததைச் சொல்கிறது. மூன்றாவது இல்லாவிட்டால் அந்த வேலையைச் செய்யவே கூடாது. 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் பெரிய நிறுவனங்களின் பெயர் போட்ட சான்றிதழ்கள் மாணவர்களுக்குக் கிடைக்கின்றன. அவற்றிலும் இது எந்த வகை என்று பார்த்த பிறகே பயோடேட்டாவில் எந்த வரியில் எழுதுவது என்று முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாவட்டத் திறன் குழுவின் தலைவர் உங்கள் ஆட்சியர்தான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் மனு கொடுப்பதுபோல இதற்கும் கொடுக்கலாம். சென்ற ஆண்டு நம் மாவட்டத்தில் சான்றிதழ் பெற்றவர்களை மதிப்பிட்டது எந்த அமைப்பு, அவர்களில் எத்தனை பேர் படித்த தொழிலிலேயே இன்று இருக்கிறார்கள் என்று எழுதிக் கேளுங்கள்.