துவர்ப்பை அறிந்த நாக்கு

நாசிக்கில் ஓர் ஒயின் தோட்டத்துக்கு முதல்முறை போனபோது, மேசைமேல் ஆறு கோப்பைகளை வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் முப்பது மில்லி, அதாவது இரண்டு வாய். கட்டணம் சில நூறு ரூபாய்தான். இருந்தும் கூட வந்த நண்பர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அண்ணே, நமக்கெல்லாம் இது புரியுமா?"

ஒயினை ருசிக்கத் தனி நாக்கும் பயிற்சியும் வேண்டும் என்ற நம்பிக்கை பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. உண்மையில் இங்கே பெரும்பாலான வேலை மூக்குக்குத்தான். இனிப்பு, புளிப்பு, கசப்பு என்று நாக்கு அறிவது சிலவற்றை மட்டுமே. மற்றதெல்லாம் வாயின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை. சளி பிடித்த நாளில் ரசம் சப்பென்று இருப்பதும் இதனால்தான். கோப்பையைச் சுழற்றுவது பகட்டுக்காக அல்ல, வாசனை எழும்புவதற்காக.

சொல்வளம் இல்லையே என்ற தயக்கத்துக்கும் இடமில்லை. சிவப்பு ஒயின் வாயில் பட்டதும் ஈறும் நாக்கும் இழுத்துப் பிடிப்பதுபோல் இருக்கும். அங்கிருந்த வழிகாட்டி அதற்கு 'டானின்' என்று பெயர் சொல்லி, நெடுநேரம் விளக்கினார். நாமோ அதைத் துவர்ப்பு என்று அறுசுவையில் ஒன்றாகவே எண்ணி வைத்திருக்கிறோம். கொட்டைப்பாக்கிலும் வாழைப்பூவிலும் நாவல்பழத்திலும் சிறுவயது முதல் அறிந்த சுவை அது. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின், எச்சிலின் புரதங்களைப் பற்றிக்கொள்வதால் வாய் வறளுகிறது. சிவப்பு ஒயின் தோலோடு சேர்ந்து நொதிக்கிறது. வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்ததும் தோலை அகற்றிவிடுவார்கள், அதனால் அதில் துவர்ப்பு குறைவு.

வாசனைகளும் அப்படித்தான். ஷிராஸ் ஒயினில் மிளகு மணப்பதாகச் சொல்வது வெறும் கற்பனை அல்ல. அந்த மணத்தைத் தருவது ரோட்டன்டோன் என்ற சேர்மம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் மிளகின் மணத்துக்கும் அதுவே காரணம். அதே ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு, அளவைக் கூட்டிக் கொடுத்தும் அந்த வாசனை தெரியவே இல்லை. ஆகவே பக்கத்தில் இருப்பவர் மிளகு என்கிறார், உங்களுக்குத் தெரியவில்லை என்றால், குறை உங்கள் கவனத்தில் இல்லை. மஸ்கட் வகைத் திராட்சையின் பூமணத்தில் பங்குள்ள லினலூல், கொத்தமல்லி விதையிலும் நிறைய உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற அந்த வகையைச் சேர்ந்ததுதான். அதைத் தின்று வளர்ந்தவருக்கு இந்த மணம் அன்னியமே அல்ல.

விலை கூடினால் தரம் கூடும் என்ற நம்பிக்கையை உடைப்பது கடினம், ஏனென்றால் விலையைக் கேட்டதும் நம் மூளையே மாறிவிடுகிறது. 2008இல் வெளியான கலிபோர்னிய ஆய்வொன்றில் ஒரே ஒயினைப் பத்து டாலர் என்றும் தொண்ணூறு டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். தொண்ணூறு என்று கேட்டவுடன் அதிகம் பிடித்தது. ஸ்கேனில் பார்த்தபோது, இன்பத்தோடு தொடர்புடைய மூளைப்பகுதியும் கூடுதலாக இயங்கியது. அதே ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்வு, விலையை மறைத்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட முறை சுவைத்தவர்களின் மதிப்பீடுகளைத் தொகுத்தது. பயிற்சியில்லாதவர்களுக்கு விலை உயர்ந்தவை சற்றுக் குறைவாகவே பிடித்திருந்தன. முதல்முறை போகிறவர்கள் விலைப்பட்டியலை ருசித்த பிறகே பாருங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

நல்ல ஒயின் பிரான்சில் மட்டும்தான் என்பதற்கு 1976லேயே பதில் கிடைத்துவிட்டது. அந்த ஆண்டு மே 24 அன்று பாரிசில், பெயர் மறைத்து ஊற்றிய ஒயின்களைப் பிரெஞ்சு நடுவர்களே சுவைத்தார்கள். சிவப்பு, வெள்ளை இரண்டிலும் கலிபோர்னியா முதலிடம் பெற்றது. பிரான்சைப் பார்த்து நாசிக்கை அளக்கவும் முடியாது, இங்கே பருவக் கணக்கே வேறு. ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் நடக்கும் அறுவடை, இங்கே மழை ஓய்ந்த குளிர்காலத்தை நம்பி ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கிறது.

கோப்பையின் உட்சுவரில் கோடுகோடாக வழியும் 'கண்ணீர்' உயர்ந்த தரத்தின் அடையாளம் என்பார்கள். அது ஆல்கஹால் தண்ணீரைவிட வேகமாக ஆவியாவதால் வருவது, அவ்வளவே. திருகுமூடி போட்ட புட்டி மட்டமானது என்பதும் தவறு. நனைந்த அட்டைபோல நாறவைக்கும் கார்க் பழுதைத் தவிர்க்கவே நியூசிலாந்தில் பெரும்பாலோர் அதற்கு மாறினார்கள்.

துப்புவது மரியாதைக் குறைவு என்று என் நண்பர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு படிக்கம் வைத்திருப்பதே துப்புவதற்குத்தான். தொழில்முறையில் சுவைப்பவர்கள் வழக்கமாகத் துப்பிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறு கோப்பை சேர்ந்தால் 180 மில்லி. 12.5 சதவீத ஒயினில் அது ஏறக்குறைய 18 கிராம் தூய ஆல்கஹால். பத்து கிராமை ஒரு அளவாகக் கொண்டால் கிட்டத்தட்ட இரண்டு அளவு. அதன்பின் வண்டி ஓட்டக் கூடாது.

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு அந்த மேசையிலும் வந்தது. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று 1988லேயே வகைப்படுத்தப்பட்டது. உடல்நலத்துக்காக என்று யாரும் குடிக்கத் தொடங்க வேண்டாம். குடிக்காதவர்கள் முகர்ந்துமட்டும் பார்க்கலாம், அதில் பாதிக்குமேல் கிடைத்துவிடும்.

ஐந்தாவது கோப்பையில் நண்பருக்கு மிளகு மணத்தது. வழிகாட்டி வாய் திறக்கும் முன்பே சொல்லிவிட்டார். ஆறாவதை நான் முகர்ந்துவிட்டு அப்படியே படிக்கத்தில் ஊற்றினேன். ஊற்றிக்கொடுத்த பெண் ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.