லங்கடா பச்சையாகத்தான் இருக்கும்

அன்புள்ள கண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. மரியாதைக்குத்தான் கடிதம் என்கிறேன், வாட்ஸ்அப்பில் நாலு வரி. அந்த நாலு வரிக்குள் மூன்று பழங்களைத் திட்டியிருக்கிறாய். வாழைப்பழம் சப்பென்று இருக்கிறதாம். மாம்பழம் பச்சையாகவே இருக்கிறதாம். பலாப்பழம் கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறாராம். "தில்லியில் வாயில் வைக்கிற மாதிரி ஒரு பழம் இல்லை அத்தை, இத்தனை வருஷம் இங்கே எப்படி இருந்தீர்கள்?" என்று வேறு கேட்கிறாய். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோய் முழுசாக ஒரு வெயில்காலம் கூட ஆகவில்லை, அதற்குள் இவ்வளவு குறை. உன்னைப் போல மாற்றலாகிப் போய் மூக்கைச் சுளிக்கிற பிள்ளைகள் அந்தப் பக்கம் இன்னும் பல பேர் இருப்பார்கள். அதனால்தான் பதிலைப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

வாழைப்பழ விஷயத்தில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. வாழைக்கென்றே 1993-இல் மத்திய அரசு ஓர் ஆராய்ச்சி மையம் வைத்த திருச்சியில் வளர்ந்தவன் நீ. காந்தி மார்க்கெட்டில் ரஸ்தாளியும் பூவனும் கற்பூரவல்லியும் செவ்வாழையும் தார் தாராகத் தொங்குவதைப் பார்த்த கண்ணுக்கு, தள்ளுவண்டியில் டஜன் கணக்கில் விற்கிற அந்த ஒரே ரகப் பச்சை வாழை எப்படிப் பிடிக்கும்? சரி, அதற்காக ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் கேரளக் கடையில் சொன்ன விலைக்கு நேந்திரம் வாங்கி வந்து, ஒரு வாரத்துக்கு என்று ஃப்ரிட்ஜில் அடுக்குகிறாயாமே, அது என்ன வழக்கம்? 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைப்பழத்தின் தோல் கறுத்துப்போகும், பழுக்கிற வேலையும் நின்றுவிடும். காசையும் கொடுத்து, கறுத்த தோலையும் உரித்துக்கொண்டு, பழியை மட்டும் தில்லி மேல் போடுகிறாய்.

பலாப்பழத்துக்கு அந்தக் கடைக்காரர் சிரித்தது சரிதான். அந்த ஊரில் பலா என்றால் காய். தோலைச் சீவித் துண்டு போட்டு, வெங்காயம் மசாலா வதக்கி, சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளச் செய்வார்கள். நன்றாகவே இருக்கும். அவரிடம் போய்ப் பண்ருட்டிச் சுளை கேட்டால் பாவம், வேறு என்ன செய்வார்?

உன் நாக்கில் கோளாறு எதுவும் இல்லை, தேடுகிற இடத்தில்தான் கோளாறு. ஊர்ப் பழத்தை ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தேடுகிறாய். தூரம் போகிற பழத்தைக் காயாகத்தான் பறித்தாக வேண்டும். லாரியில் குலுங்கி, குடோனில் கிடந்து, ஆஸாத்பூர் மண்டியில் இறங்கி ஏலம் போய் உன் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் அதற்கு வாய் இருந்தால் அழும். அங்கேயே பழுத்து, அங்கேயே தின்றால்தான் உண்டு என்கிற பழங்கள் தில்லியில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர்கூட உன் நாலு வரியில் இல்லை.

இப்போது ஜூன் கடைசி வாரம். ஓடிப்போனால் ஃபால்ஸாவின் வாலையாவது பிடிக்கலாம். பார்த்திருப்பாய், என்னவோ என்று தாண்டிப் போயிருப்பாய். சுண்டைக்காய் அளவில் கருஊதா நிறத்தில் உருண்டை உருண்டையாக, மேலே லேசாகச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். கூடைக்காரர் ஒரு கை அள்ளி, உப்பைத் தூவி, ரெண்டு குலுக்குக் குலுக்கிக் காகிதத்தில் போட்டுக் கொடுப்பார். முதலில் புளிப்பு முந்தும், பின்னாலேயே இனிப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் கொஞ்சம் துவர்ப்பு. விதையைத் துப்புவதா மெல்லுவதா என்று யோசிப்பதற்குள் அடுத்தது உள்ளே போயிருக்கும். இந்தத் துக்கடாப் பழத்துக்கு இவ்வளவு விலையா என்று நீ வாயைத் திறப்பாய், எனக்குத் தெரியும். செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காதடா. ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துக் கையால் பறிக்க வேண்டும், மறுபடி மறுபடி அதே செடிக்கு வர வேண்டும். பறித்தது ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தாங்காது. அதனால்தான் அது உன் திருச்சிக்கு வரவே இல்லை, அதனால்தான் அந்த விலை. பேரம் பேசாமல் வாங்கு.

அடுத்தது நாவல். ஔவையாரையும் முருகனையும் இழுக்காமல் நாவல்பழம் பற்றி எழுதத் தமிழனால் முடியாது என்பார்கள், நான் முயன்று பார்க்கிறேன். புதுதில்லியைக் கட்டினபோது சாலையோரம் நிழலுக்காக வைத்த மரங்களில் நாவல் நிறைய. துக்ளக் ரோடு, அசோகா ரோடு, இப்போது கர்த்தவ்ய பத் என்று பெயர் மாறிவிட்ட ராஜபாதை எல்லாம் போய்ப் பார். அந்த மரங்களில் பழம் பறிக்கிற உரிமையைப் புதுதில்லி நகராட்சி ஏலம் விடும். எடுத்தவர்கள் சீசன் முழுக்க மரத்தடியிலேயே இருப்பார்கள். ஒருத்தர் மேலே ஏறிக் கிளையை உலுக்க, கீழே நாலு பேர் பெரிய துணியை நாலு மூலையில் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்பார்கள். துணியில் விழுந்தது விற்பனைக்கு. தரையில் விழுந்தது நசுங்கி, நடைபாதை முழுக்க ஊதா. மழை ஒரு தடவை பெய்துவிட்டால் பழம் இன்னும் பருக்கும். உன் ஆபீஸ் பக்கமே கிடைக்கிற பழம் இது, நீயோ மத்தியானம் கேன்டீனில் ஜூஸ் குடிக்கிறாய்.

கார்ப் புகை படிந்த மரம் ஆச்சே என்று இழுப்பாய். உப்புத் தண்ணீரில் ரெண்டு தடவை அலசு. நீ மூச்சு விடுவதும் அதே புகையில்தான், அதை எந்தத் தண்ணீரில் அலசுகிறாய்? மரத்தைக் குறை சொல்லாதே. உன் வீட்டுக்குப் பக்கத்துச் சரோஜினி நகர், நேதாஜி நகர் எல்லாவற்றையும் இடித்துக் கட்டுவதற்காக ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டக் கிளம்பினார்கள். ஜனங்கள் தெருவுக்கு வந்து மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். 2018-இல் தில்லி உயர் நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தி வைத்தது. அந்தப் பழைய காலனி மரங்களில் மிச்சம் இருப்பவற்றைத் தெரிந்து வைத்துக்கொள். பிரதீப் கிருஷன் தில்லி மரங்களைப் பற்றி 2006-இல் ஒரு புத்தகம் போட்டார், படமும் விவரமுமாக. லைப்ரரியில் எடு. மார்ச் கடைசியில் எந்த மதிலோரத்தில் ஷாதூத் என்கிற மல்பெரி பழுக்கும் என்று இப்போதே பார்த்து வைத்தால் அடுத்த வருஷம் உதவும். விரல் நீளத்துக்குத் தொங்கும், தொட்டால் கையோடு வரும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதே.

மாம்பழத்துக்கு வருகிறேன், அங்கேதான் உன்னைக் காதைப் பிடித்துத் திருக வேண்டும். ஒரு கிலோ வாங்கி, பச்சையாக இருக்கிறதே என்று மூலையில் போட்டுவிட்டு, ஊறுகாய் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். அது லங்கடா. காசிப் பக்கத்துப் பழம். பழுத்து உள்ளே தேனாக ஆனாலும் தோல் பச்சையாகத்தான் இருக்கும். நிறத்தைப் பார்த்து மாம்பழம் வாங்கினால் தில்லியில் ஏமாந்துதான் போவாய். காம்புப் பக்கம் மூக்கை வை, விரலால் மெல்ல அழுத்து. மணம் வந்து, சதை கொஞ்சம் இடம் கொடுத்தால் அன்றைக்கே தின்ன வேண்டியது. ஏப்ரல், மே மாதத்தில் 'சஃபேதா' என்று விற்றார்களே, அது வேறொன்றும் இல்லை, ஆந்திராவிலிருந்து வருகிற நம் பங்கனப்பள்ளி. அதையும் வடக்கத்திப் பழம் ருசிக்கவில்லை என்று திட்டியிருப்பாய்! இப்போது தசேரி வந்திருக்கும். லக்னோ பக்கம் காகோரிக்கு அருகே தசேரி என்றே ஒரு கிராமம். அந்த ரகத்தின் தாய்மரம் இன்னும் அங்கே நிற்கிறது. பக்கத்து மலிஹாபாதில் கலீமுல்லா கான் என்று ஒரு பெரியவர், ஒரே மரத்தில் முந்நூறு ரகம் ஒட்டுப் போட்டு 2008-இல் பத்மஸ்ரீ வாங்கினார்.

தசேரியைக் கட்டம் கட்டமாக நறுக்கி முள்கரண்டியால் குத்தித் தின்னாதே. பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் ஊறப் போடு. சூடும் தணியும், காம்பில் வடிகிற பாலும் போகும். அந்தப் பால் பட்டால் உதடு புண்ணாகும். பிறகு ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டி உருட்டி உள்ளே கூழாகும் வரை பிசை. தோல் கிழியக் கூடாது. காம்பைக் கிள்ளி முதல் சொட்டைப் பிழிந்து கீழே விட்டுவிட்டு, வாயை வைத்து உறிஞ்சு. கடைசியில் கொட்டையை வெளியே எடுத்து நார் வெளுக்கும் வரை சப்பு. முழங்கை வரை வழியும். வழியட்டும், அந்த வீட்டு பால்கனியில் குழாய் எதற்கு இருக்கிறது?

கார்பைடு பயம் உனக்கு உண்டு என்று எழுதியிருக்கிறாய், அது நல்லதுதான். கார்பைடு கல் ஈரத்தோடு சேர்ந்தால் அசெட்டிலீன் வரும், கூடவே ஆர்செனிக்கும் பாஸ்பரஸும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைக் கொண்டு பழுக்க வைப்பதை 2011 உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. எத்திலீன் வாயுவுக்கு அனுமதி உண்டு, 100 பி.பி.எம். வரை. பழம் பார்வைக்கு ஒரே மஞ்சளாக, மூக்குக்கு ஒன்றுமே இல்லாமல் இருந்தால் நகர்ந்து போய்விடு. இதனால்தான் பத்து நிமிஷத்தில் வீட்டுக்குக் கொண்டு வந்து தருகிற ஆப் எல்லாம் பழத்துக்கு ஆகாது என்கிறேன். ஃபோன் திரையை முகர்ந்து பார்க்க முடியுமா?

நேரம் இல்லை என்று சொல்லாதே. மெட்ரோவிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கிற வழியில் எத்தனை வண்டி நிற்கிறது! ஞாயிற்றுக்கிழமை மூட்டையாக வாங்கிப் போட்டால்தான் வாங்கியது போல இருக்கும் என்கிற புத்தியை விடு. அன்றன்றைக்குக் கால் கிலோ, போதும். ஒரே வண்டிக்காரரிடம் தொடர்ந்து வாங்கு. கொஞ்ச நாளில் அவரே "இன்றைக்கு இது வேண்டாம் பையா" என்று தடுப்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் ரெண்டு ரூபாய் கூடக் கொடுக்கலாம். ஃப்ரிட்ஜில் வைத்தே ஆக வேண்டுமென்றால் தின்பதற்கு முன் அரை மணி நேரம் வை, வாரக் கணக்கில் குடிவைக்காதே. ஐஸ் கட்டி மேல் வெட்டி வைத்த ஃப்ரூட் சாட் பக்கம் போகவே போகாதே. எப்போது வெட்டியது என்பதை அந்த மசாலா வாசனை மறைத்துவிடும்.

லிச்சி முடிகிற சமயம். இலையோடும் காம்போடும் கட்டாக இருப்பதை வாங்கு, உதிரியாகக் கிடப்பது வேண்டாம். பறித்தபின் அது பழுக்காது, தோல் மட்டும் ரெண்டு மூன்று நாளில் பழுப்பாகும். ராத்திரி சமைக்கச் சோம்பல்பட்டு லிச்சியையே சாப்பாடாக்கிக் கொள்கிறாய் என்று கேள்விப்பட்டேன். முஸாஃபர்பூரில் போஷாக்கில்லாத குழந்தைகள் ராத்திரி சாப்பிடாமல் லிச்சி தின்றுவிட்டுத் தூங்கி, ரத்தத்தில் சர்க்கரை விழுந்து உயிர்விட்டதை 2014-இல் ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். நீ தடிப்பயல், உனக்கு ஒன்றும் ஆகாது. இருந்தாலும் முதலில் ரெண்டு சப்பாத்தியைத் தின்றுவிட்டு லிச்சியைத் தொடு.

குளிர்காலத்துக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்போது நீ போர்வையை விட்டு வெளியே வரமாட்டாய். டிசம்பர் மத்தியானம், குவார்ட்டர்ஸ் புல்தரையில் வெயில் விழுகிற இடம் பார்த்து உட்கார். கின்னோ கொண்டு போ. கலிபோர்னியாவில் ரெண்டு ஆரஞ்சுச் சாதியைச் சேர்த்து 1935-இல் வெளியிட்ட ஒட்டு அது, நம் பஞ்சாபுக்கு வந்து அந்த மண்ணோடேயே ஒட்டிக்கொண்டது. விதை அதிகம் என்று அலுத்துக்கொள்வாய். முதுகில் வெயில் அடிக்கும்போது விதையைப் பொறுக்க என்ன அவசரம்? இலாஹாபாத் கொய்யாவும் அப்போதுதான் வரும். வண்டிக்காரர் நாலாகக் கீறி, கருப்பு உப்பைத் தடவித் தருவார். இதை மட்டும் வண்டியிலேயே நின்று தின்னலாம், உன் கண் எதிரே வெட்டுகிறார் அல்லவா.

சௌஸா ஜூலை பாதிக்கு மேல் வரும். தில்லி மாம்பழத்தில் கடைசியாக வருவதில் ஒன்று அது. எனக்கு ஒரு பெட்டி அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். மேலே இவ்வளவு எழுதியவள் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் அனுப்பு. கெட்டியாக, காம்போடு இருப்பதைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை வரை வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு. அங்கிருந்து திருச்சிக்குக் கொண்டு வர உன் மாமா போவார். பிளாஸ்டிக் பையில் கட்டாதே, வியர்த்து அழுகிவிடும். ஆசையில் நாவலையும் ஃபால்ஸாவையும் அதே பெட்டியில் போட்டுவிடாதே, ஜாம்தான் வந்து சேரும்.

அன்புடன்,
அத்தை