உன் கூலி எங்கே?

ஆரியங்கோடு ஒரு சிற்றூர். கேரளத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லை அதிக தூரமில்லை. பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை வந்துவிடும். இந்தப் பக்கத்து ஊர்களில் தமிழும் மலையாளமும் காதில் விழும். ரப்பர், மரச்சீனி, வாழை, தென்னை என்று பயிர்கள் உண்டு.

இங்குள்ள பெண்கள் பல தொழில் செய்கிறார்கள். சிலர் பப்படம் இடுகிறார்கள். சிலர் உப்பேரி வறுக்கிறார்கள். சிலர் துணி தைக்கிறார்கள். சிலர் ஆடும் கோழியும் வளர்க்கிறார்கள். கைத்திறன் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் பலர் தனியாகவே செய்கிறார்கள். தனியாகச் செய்தால் என்ன குறை? வாருங்கள், ஒரு கதையைப் படிப்போம். இது கதைதான். ஆனால் இப்படிப்பட்ட பெண்கள் ஊருக்கு ஊர் உண்டு.

வெள்ளிக்கிழமை ஊறுகாய்

ஒரு பெண் மாங்காய் ஊறுகாய் போட்டாள். மலையாளத்தில் அதை அச்சாறு என்பார்கள். அவள் கைப்பக்குவம் நன்றாக இருக்கும். வியாழக்கிழமை மாங்காய் வாங்கி நறுக்குவாள். உப்பிட்டு வைப்பாள். வெள்ளிக்கிழமை தாளித்துக் குப்பிகளில் அடைப்பாள். ஒரு முறைக்கு 40 குப்பி வரும். சனிக்கிழமை காலையில் பேருந்து ஏறிக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

கடைக்காரர் ஒரு குப்பிக்கு 70 ரூபாய் தருவார். கையில் 2,800 ரூபாய் வரும். அவளுக்கு மகிழ்ச்சி. ஆனால் மாதக் கடைசியில் பெட்டியைத் திறந்தால் பணம் இருக்காது. எங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. தான் செலவாளி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

அயல்கூட்டத்தில் ஒரு கேள்வி

கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற திட்டம் இருக்கிறது. 1998 மே 17 அன்று மலப்புறத்தில் அது தொடங்கப்பட்டது. குடும்பஸ்ரீ என்றால் குடும்பத்தின் செழிப்பு என்று பொருள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து 10 முதல் 20 பெண்கள் ஒன்றுகூடுவார்கள். இதற்கு அயல்கூட்டம் என்று பெயர். வாரம் ஒரு நாள் ஒருவர் வீட்டில் கூடுவார்கள். சேமிப்புப் பணம் கட்டுவார்கள். கடன் பற்றிப் பேசுவார்கள். அயல்கூட்டங்கள் வார்டு அளவில் ஒன்றுசேரும். அது ஏ.டி.எஸ். வார்டுகள் ஊராட்சி அளவில் ஒன்றுசேரும். அது சி.டி.எஸ். இப்போது மாநிலம் முழுவதும் சுமார் 3 லட்சம் அயல்கூட்டங்கள் இருக்கின்றன. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவற்றில் இருக்கிறார்கள்.

நம் கதைப்பெண்ணும் ஓர் அயல்கூட்டத்தில் இருந்தாள். வாரம்தோறும் போவாள். பணம் கட்டுவாள். பேசாமல் திரும்பிவிடுவாள். ஒரு நாள் தொழில் பற்றிப் பேச்சு வந்தது. தையல் செய்யும் மூத்த அக்கா ஒருவர் அவளைக் கேட்டார்.

"ஒரு குப்பிக்கு உனக்கு என்ன செலவு மக்களே?"

அவளால் சொல்ல முடியவில்லை. அக்கா ஒரு நோட்டை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார்.

மாங்காய் 600 ரூபாய்.
நல்லெண்ணெய் 500 ரூபாய்.
மிளகாய்த் தூள், உப்பு, மற்றவை 400 ரூபாய்.
குப்பி 40க்கு 600 ரூபாய்.
அடுப்புச் செலவு 200 ரூபாய்.
பேருந்து 100 ரூபாய்.
மொத்தம் 2,400 ரூபாய்.

2,400ஐ 40ஆல் வகுத்தால் 60. ஒரு குப்பிக்குச் செலவு 60 ரூபாய். விலை 70 ரூபாய்.

"குப்பிக்குப் பத்து ரூபாய் லாபம் இருக்கே அக்கா" என்றாள் அவள்.

அக்கா நோட்டை மூடவில்லை. "எல்லாம் எழுதியாச்சு. உன் கூலி எங்கே?" என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை. அங்கே இருந்த பலர் தங்கள் கூலியை ஒரு நாளும் எழுதியதில்லை.

வியாழன் ஒரு நாள், வெள்ளி ஒரு நாள். இரண்டு நாள் வேலை. நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளுக்கு 800 ரூபாய். 2,400உடன் 800ஐக் கூட்டினால் 3,200. அதை 40ஆல் வகுத்தால் 80. உண்மையில் ஒரு குப்பிக்கு ஆகும் செலவு 80 ரூபாய். அவள் அதை 70 ரூபாய்க்கு விற்றாள். ஒவ்வொரு குப்பியிலும் 10 ரூபாய் அவளுடைய கூலியிலிருந்து போனது.

அவள் செலவாளி அல்ல. அவளுடைய கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அந்த வரியை அவள் கண் பார்க்கவில்லை. வேறொரு பெண்ணின் கண் பார்த்தது. கூட்டத்துக்குப் போவதன் முதல் பயன் இதுதான்.

ஓணம் சந்தை

ஓணத்துக்கு முன்பு குடும்பஸ்ரீ பெண்கள் ஊர்தோறும் சந்தை போடுவார்கள். உழவர் பெண்கள் காய்கறி கொண்டுவருவார்கள். மற்றவர்கள் உப்பேரி, பொடி வகை, துணி, ஊறுகாய் கொண்டுவருவார்கள். சந்தை பற்றிய அறிவிப்பு மலையாளத்தில் வந்தது. அவளுக்கு இரண்டு மொழியும் பேச வரும். ஆனால் தமிழ் எழுத்துதான் தெரியும். அதையும் அண்மையில்தான் கற்றிருந்தாள். அறிவிப்பில் இருந்த தேதியை அவளே படித்தாள். எண்கள் இரண்டு மொழிக்கும் ஒன்றுதானே. மற்றதைச் செயலாளர் படித்துச் சொன்னார்.

அவள் 40 குப்பி கொண்டுபோனாள். விலை 90 ரூபாய் என்று எழுதி வைத்தாள். ஒருவர் குப்பியை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எப்போ செஞ்சது?" என்று கேட்டார். குப்பியில் தேதி இல்லை. அவர் கீழே வைத்துவிட்டுப் போனார்.

பக்கத்துக் கடையில் ஓர் உப்பேரிக்காரப் பெண் இருந்தாள். அவளுடைய பொட்டலத்தில் எல்லாம் அச்சிட்டிருந்தது. பொருளின் பெயர், என்னென்ன சேர்த்தது, எடை, செய்த தேதி, எதுவரை உண்ணலாம், விலை, செய்தவர் முகவரி. 14 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணும் இருந்தது. அது உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண். உணவுப் பொருள் செய்து விற்கிறவர் இந்தப் பதிவு பெற வேண்டும். பதிவுக்கு அக்ஷயா மையத்தில் கேட்கலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். பொட்டலத்தை மொத்தமாக வாங்கும் இடத்தையும் சொன்னாள். "குப்பியும் அங்கே கிடைக்கும். இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால் 12 ரூபாய்க்குத் தருவார்கள்" என்றாள்.

அவள் நோட்டை எடுத்தாள். எழுதத் தயங்கினாள். நாலு பேர் முன்னால் எழுத்துக் கூட்டி எழுத அவளுக்கு வெட்கம். உப்பேரிக்காரப் பெண் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. கடைப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவள் எழுதி முடித்தாள்.

மாலையில் உணவகம் நடத்தும் ஒரு பெண்கள் குழு வந்தது. ஊறுகாயைச் சுவைத்துப் பார்த்தார்கள். "எங்களுக்குக் குப்பி வேண்டாம். மாதம் 5 கிலோ டப்பாவில் தர முடியுமா?" என்று கேட்டார்கள். குப்பி வேண்டாம் என்றால் குப்பிச் செலவும் இல்லை. அவர்களுடைய எண்ணையும் எழுதிக்கொண்டாள்.

அன்று 22 குப்பிதான் விற்றது. 18 குப்பியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். முகம் வாடியிருந்தது. தையல் அக்கா சொன்னார்:

"விற்றதை மட்டும் எண்ணாதே மக்களே. எழுதினதையும் எண்ணு."

மாறிய கணக்கு

அவள் பதிவுக்கு விண்ணப்பித்தாள். பதிவு கிடைத்தது. பிறகு குப்பியை 12 ரூபாய்க்கு வாங்கினாள். லேபிள் அச்சிட ஒரு குப்பிக்கு 1 ரூபாய் ஆனது. குப்பியில் 3 ரூபாய் குறைந்தது. லேபிளில் 1 ரூபாய் கூடியது. கூலி சேர்த்து ஒரு குப்பிக்குச் செலவு 78 ரூபாய்.

பழைய கடைக்காரரிடம் போனாள். 90 ரூபாய் கேட்டாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 80க்கு மேல் தர முடியாது என்றார். அவள் கோபப்படவில்லை. நோட்டைப் பார்த்தாள். 80க்குக் கொடுத்தால் முழுக் கூலியும் வரும். மேலே 2 ரூபாயும் மிஞ்சும். சரி என்றாள். 75 என்று சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பாள். எந்த விலைக்கு எழுந்து வர வேண்டும் என்பது இப்போது அவளுக்குத் தெரியும்.

மற்ற ஊர்களில்

பெண்கள் கூடிப் பேசித் தொழில் வளர்த்த கதைகள் நம் நாட்டில் பல உண்டு. இரண்டை மட்டும் பார்ப்போம்.

1959ஆம் ஆண்டு மார்ச் 15. மும்பையில் கிர்காவ் பகுதி. 7 பெண்கள் ஒரு மாடியில் கூடினார்கள். அவர்களிடம் முதல் இல்லை. 80 ரூபாய் கடன் வாங்கினார்கள். அப்பளம் இட்டார்கள். முதல் நாள் 4 பொட்டலம் வந்தது. அதுதான் இன்று லிஜ்ஜத் அப்பளம். அந்த எழுவரில் ஒருவர் ஜஸ்வந்திபென் போபட். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

குஜராத்தில் அகமதாபாத் நகரம். அங்கே 1972இல் இளா பட் 'சேவா' சங்கத்தைத் தொடங்கினார். காய்கறி விற்பவர்கள், சுமை தூக்குபவர்கள், வீட்டிலிருந்து தைப்பவர்கள் அதில் சேர்ந்தார்கள். பலர் அதிக வட்டிக்குக் கடன் வாங்கித் தொழில் செய்தார்கள். கூடிப் பேசியபோது எல்லோருக்கும் ஒரே துன்பம் என்று தெரிந்தது. 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர்களுக்குக் கணக்குப் புத்தகத்தில் புகைப்படம் ஒட்டினார்கள்.

கேரளத்திலும் ஒரு பெரிய கூடுகை நடந்தது. 2023 அக்டோபர் 1 அன்று 'திரிகெ ஸ்கூளில்' என்ற இயக்கம் தொடங்கியது. 'மீண்டும் பள்ளிக்கு' என்று பொருள். விடுமுறை நாட்களில் குடும்பஸ்ரீ பெண்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பணம், தொழில், கைபேசி பற்றிப் பாடம் கேட்டார்கள். மணி அடித்ததும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

கூட்டத்துக்குப் போகும்போது

1. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள். மெதுவாக எழுதினாலும் நீங்களே எழுதுங்கள்.
2. உங்கள் பொருளில் கொஞ்சம் எடுத்துப் போங்கள். சுவைத்துப் பார்க்கவும் தொட்டுப் பார்க்கவும் கொடுங்கள்.
3. ஒரு பொருளுக்கு ஆகும் செலவை முன்பே கணக்கிடுங்கள். உங்கள் கூலியையும் எழுதுங்கள்.
4. மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே வாங்குகிறீர்கள்? எங்கே விற்கிறீர்கள்? எதில் நஷ்டப்பட்டீர்கள்?
5. உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்லுங்கள். கேட்க மட்டும் போகிறவருக்கு அடுத்த முறை பதில் குறையும்.
6. வீடு திரும்பியதும் ஒரு வாரத்துக்குள் ஒருவருக்காவது போன் செய்யுங்கள்.

எச்சரிக்கை

எல்லாக் கூட்டமும் நல்ல கூட்டம் அல்ல. "முதலில் பணம் கட்டு, பத்துப் பேரைச் சேர், பணம் இரட்டிப்பாகும்" என்று சிலர் ஆசை காட்டுவார்கள். அது தொழில் அல்ல. அங்கே பணம் கட்டாதீர்கள். படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாவிட்டால் தாளை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அயல்கூட்டத்தில் வைத்துப் படியுங்கள். தாளைத் தர மறுப்பவரிடம் கையெழுத்தும் தர வேண்டாம்.

சந்தையில் நன்றாக விற்றது என்று உடனே பெரிய கடன் வாங்காதீர்கள். திருவிழா நாள் விற்பனை வேறு. மற்ற நாள் விற்பனை வேறு. மூன்று மாதக் கணக்கை எழுதிப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பார்கள். கோடி வராமல் போகலாம். கூலி வர வேண்டும். உங்கள் நோட்டைத் திறந்து பாருங்கள். அதில் உங்கள் கூலி இருக்கிறதா?

சிந்தியுங்கள்

1. கதைப்பெண்ணிடம் மாதக் கடைசியில் ஏன் பணம் இல்லை?
2. 18 குப்பி விற்காமல் போனாலும் சந்தையால் அவளுக்கு என்ன கிடைத்தது?
3. உங்கள் வீட்டில் கூலி எழுதாமல் செய்யும் வேலைகள் எவை?

செய்து பாருங்கள்

நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ செய்யும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான எல்லாச் செலவையும் வரிசையாக எழுதுங்கள். கடைசி வரியில் கூலி எழுதுங்கள். மொத்தத்தை வகுத்து ஒரு பொருளின் செலவைக் கண்டுபிடியுங்கள். அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.