பிளாஸ்மாவா, எல்.சி.டி.யா?

"பழைய பிளாஸ்மா தொலைக்காட்சி மலிவாக வருகிறது, வாங்கலாமா?" என்று கேட்டார் என் தந்தையார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்.

பிளாஸ்மாத் திரையின் நுண்ணறைகளிலுள்ள நியான், செனான் வாயுக்கள் மின்சாரத்தால் புற ஊதாக் கதிரை வெளியிடும். அது பட்டுப் பாஸ்பர் பூச்சு ஒளிரும். புள்ளிதோறும் தானே ஒளிர்வதால் கருமை நன்கு அமையும். எல்.சி.டி. எனும் திரவப் படிகத் திரையோ, பின்னுள்ள விளக்கொளியைத் தடுத்தும் விடுத்தும் படம் காட்டும். ஒளி சிறிது கசிவதால் கருமை வெளிறும். ஆயினும் மின்செலவு குறைவு.

இருட்டறைக்குப் பிளாஸ்மா சிறந்தது. எங்கள் வீட்டு வாசற்கதவோ பகலெல்லாம் திறந்திருக்கும். மேலும், 2014-ஆம் ஆண்டோடு முன்னணி நிறுவனங்கள் பிளாஸ்மா உற்பத்தியைக் கைவிட்டன. பழுதானால் உதிரிப்பாகம் கிடைப்பதரிது.

"எல்.சி.டி.யே நமக்கேற்றது" என்றேன். கூலியில் மிச்சம்பிடித்த பணத்தை என் சொல்லை நம்பி அப்பா செலவிட்டார். படித்த பாடத்தின் பொறுப்பை அன்றுதான் உணர்ந்தேன்.