களையாகப் போகும் கீரையும் மூட்டு வீக்கமும்

நடவு, களையெடுப்பு, அறுவடை என்று ஆண்டில் பாதி நாட்கள் குனிந்தே வேலை செய்யும் விவசாயக் குடும்பங்களில் முழங்கால் வலியோ இடுப்பு வலியோ இல்லாத வீடு அரிது. வலி வந்ததும் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வயலில் இறங்குவது வழக்கமாகிவிட்டது. வலி அடங்குவது உண்மைதான். ஆனால் வெயிலில் வியர்த்து, போதிய தண்ணீர் குடிக்காமல் உழைப்பவர் இத்தகைய மாத்திரைகளை நாள்தோறும் சாப்பிட்டு வந்தால் வயிற்றில் புண்ணும், நாளடைவில் சிறுநீரகக் கோளாறும் வரக்கூடும். மாத்திரையின் தேவையைக் குறைக்க உணவில் வழி உண்டா என்றால், ஓரளவு உண்டு. அதற்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி வயலிலேயே விளைகிறது. விவசாயி அதைப் பிடுங்கி வரப்பில் எறிகிறார். இல்லாவிட்டால் மூட்டை கட்டி விற்றுவிடுகிறார்.

அணையாத உமித்தீ

காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவந்து, சுட்டு, வீங்கி வலிக்கிறது. இதையே மருத்துவர்கள் அழற்சி என்கிறார்கள். கிருமியை எதிர்க்கவும் புண்ணை ஆற்றவும் உடல் தானே மூட்டிக்கொள்ளும் தீ இது. வேலை முடிந்ததும் அணைந்துவிட வேண்டும். சிலருக்கு அது அணையாமல், உமிக் குவியலில் பற்றிய நெருப்பைப் போல வெளியே தெரியாமல் உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். மூட்டு வலி, நீரிழிவு, இதய இரத்தக் குழாய் அடைப்பு ஆகியவற்றில் இந்த உமித்தீக்குப் பங்கு உண்டு.

வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு வெறும் சுமை அன்று. அழற்சியைத் தூண்டும் பொருள்களை அது இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைவதாக 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே உடல் பருத்தவர்கள் மற்ற எதையும் தேடுமுன் எடையைக் குறைக்கப் பார்ப்பது நல்லது. எலும்பும் தோலுமாக உழைப்பவருக்கு இந்த யோசனை பொருந்தாது. அவர் பருப்பையும் முட்டையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பருப்புக்கீரை

வெங்காயம், மிளகாய், கத்தரிப் பாத்திகளில் தரையோடு படர்ந்து வரும் பருப்புக்கீரையை அறியாத விவசாயி இல்லை. ஊருக்கு ஊர் பெயர் மாறும். தண்டு சிவந்து சதைப்பற்றாக இருக்கும். இலை தடித்து வழவழப்பாகவும், பூ மஞ்சளாகச் சிறிதாகவும் இருக்கும். கிள்ளினால் பால் வராது. பால் வந்தால் அது வேறு செடி, சமையலுக்கு எடுக்கக் கூடாது. கூலி கொடுத்துப் பிடுங்கப்படும் இந்தக் களையில் ஒமேகா-3 என்ற கொழுப்புச் சத்து மற்றக் கீரைகளைவிட மிகுதி என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1986-ல் எடுத்துக்காட்டினர். 100 கிராம் பச்சை இலையில் இது 300 முதல் 400 மில்லி கிராம் வரை இருக்கிறது.

நாம் உண்ணும் கொழுப்புகளிலிருந்து உடல் இரண்டு வகைப் பொருள்களைச் செய்துகொள்கிறது. ஒருவகை அழற்சியை மூட்டும், மற்றொரு வகை தணிக்கும். தணிக்கும் பொருள்களுக்கு ஒமேகா-3 மூலப்பொருள். கீரையில் உள்ள ஒமேகா-3-ல் சிறு பங்குதான் உடலுக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கடலோர மாவட்டங்களில் கிடைக்கும் மத்தி மீனில் அது நேராகவே பயன்படும் வடிவில் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் குழம்பு வைத்துச் சாப்பிட்டால் போதும். விலை உயர்ந்த மீன் தேவையில்லை. மீன் உண்ணாத வீடுகளில் கீரையை வாரம் மூன்று, நான்கு நாள் பாசிப்பருப்புடன் கடைந்து உண்ணலாம். லேசான புளிப்புச் சுவை உள்ள கீரை ஆகையால் புளியைக் குறைத்துக்கொள்ளலாம்.

களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த பாத்தியிலிருந்து இதைப் பறிக்கவே கூடாது. வீட்டுத் தேவைக்குக் கிணற்றடியில் ஒரு சிறு பாத்தி ஒதுக்குவது மேல். விதை மிகப் பொடியானது. மணலுடன் கலந்து மேலாகத் தூவிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். ஆழமாக மூடினால் முளைக்காது. தண்டுகளைக் கிள்ளி நட்டாலும் வேர்விடும். நான்கைந்து வாரங்களில் அறுவடைக்கு வரும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும் என்பதால், பூக்கும் முன்பே நுனிகளை அறுத்துவிடுவது அவசியம். கவனிக்காவிட்டால் அடுத்த பருவத்தில் பக்கத்து மிளகாய்ப் பாத்தி முழுவதும் இதுவே நிற்கும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இந்தக் கீரையைத் தவிர்க்க வேண்டும்.

மஞ்சள்: எவ்வளவு நம்பலாம்?

மஞ்சளைப் பற்றிய பேச்சு அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. அழற்சியைத் தணிப்பது அதிலுள்ள குர்குமின் என்ற பொருள். மஞ்சள் தூளில் அது சுமார் 3 சதவீதம்தான். ஒருவர் நாளொன்றுக்கு 2 கிராம் தூள் சேர்த்தால் கிடைப்பது ஏறக்குறைய 60 மில்லி கிராம். மூட்டு வலிக்கு மருத்துவ ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்த அளவு இதைப் போலப் பல மடங்கு. மேலும் குர்குமின் குடலில் எளிதாக உறிஞ்சப்படுவதில்லை. அதனுடன் மிளகின் காரப்பொருளைச் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த அளவு 20 மடங்கு கூடியதாகப் பெங்களூரில் நடந்த ஆய்வு 1998-ல் தெரிவித்தது. எண்ணெயில் கரையக்கூடிய பொருள் என்பதால் தாளிதத்தில் மஞ்சளும், இறக்கும்போது மிளகுத்தூளும் சேர்ப்பது சரியான முறை. பாட்டிமார் செய்துவந்ததும் அதுதான். இது அன்றாட உணவுக்கு நல்லது; மருந்துக்கு மாற்று ஆகாது. குர்குமின் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் வாங்கி விழுங்குவது கல்லீரலுக்குக் கேடு செய்யலாம்.

மஞ்சள் பயிரிடுவோர் ஒன்று செய்யலாம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 4 கிலோ தூள் போதும். பச்சைக் கிழங்காகச் சுமார் 20 கிலோ. இதை விற்பனைக் குவியலிலிருந்து தனியே எடுத்து, வேகவைத்து உலர்த்தி, மெருகேற்றாமலும் நிறம் சேர்க்காமலும் அரைத்து வைத்துக்கொள்ளலாம். கிழங்குக்குப் பளிச்சென்ற நிறம் வர ஈயம் கலந்த சாயத்தைப் பூசும் வழக்கம் வங்கதேசத்தில் இருந்ததை 2019-ல் வெளியான ஆய்வு அம்பலப்படுத்தியது. சொந்த மஞ்சளில் அந்தக் கவலை இல்லை.

தட்டில் மாற வேண்டியவை

மூன்று வேளையும் தீட்டிய வெள்ளையரிசியே உண்பது இன்றைய கிராமங்களிலும் வழக்கமாகிவிட்டது. கேழ்வரகு, கம்பு, சாமை விளைவிக்கும் வீட்டில்கூட அவை சந்தைக்குப் போகின்றன. ஒரு வேளையாவது கேழ்வரகுக் களியோ கம்பங்கூழோ இருந்தால் நார்ச்சத்து கூடும். தட்டைப்பயறு, கொள்ளு போன்றவற்றிலும் அது நிறைய. இந்த நாரைக் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து, அழற்சியைத் தணிக்கும் அமிலங்களை உண்டாக்குகின்றன. நீரிழிவு உள்ளவர்கள் கூழானாலும் களியானாலும் அளவாகவே உண்ண வேண்டும்.

செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. பலமுறை காய்ந்து கறுத்த எண்ணெயில் பொரித்த பண்டங்களை ஒதுக்கினால் போதும். களத்துமேட்டில் நாளுக்கு ஐந்தாறு முறை குடிக்கும் தேநீரின் சர்க்கரையைக் கூட்டிப் பார்த்தால் பலருக்கு வியப்பாக இருக்கும். பீடியும் சாராயமும் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

உணவு மாற்றத்தின் பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும். தேய்ந்த எலும்பு முனையை எந்தக் கீரையும் திரும்ப வளர்க்காது. கால் பெருவிரல் இரவில் திடீரென்று சிவந்து வீங்கி, தொட முடியாமல் வலித்தால் அது யூரிக் அமிலத்தால் வரும் வாதமாக இருக்கலாம். அத்தகையவர்கள் மத்தி மீன், ஈரல், மது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். காலையில் இரு கை விரல்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மடக்க முடியாமல் இறுகியிருந்தாலும், மூட்டு வீக்கத்துடன் காய்ச்சல் வந்தாலும் அரசு மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. சந்தைகளில் பெயர் இல்லாத பொட்டலங்களில் விற்கும் வாதப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பது உண்டு. அவற்றை மாதக்கணக்கில் தின்றவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவது நல்லது.