பத்து வட்டியும் சிபில் ஸ்கோரும்: எட்டாம் வகுப்பில் ஒரு கணக்கு

“சார், அப்பாவோட சிபில் ஸ்கோர் கம்மியா இருக்குன்னு அண்ணனுக்குப் படிப்புக் கடன் கொடுக்கல. சிபில்னா என்ன சார்?”

‘வாழ்வியல் கணிதம்’ நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள். அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். கல்விக் கடனில் பெற்றோரும் இணைந்து கையெழுத்திடுவதால், வங்கி அவர்களது கடன் வரலாற்றையும் பார்க்கிறது. அதன் மதிப்பெண்தான் இந்த ஸ்கோர். 300 முதல் 900 வரை.

திருப்பூரில் பலருக்குச் சனிக்கிழமை சம்பளம். கடன் தவணையோ மாதம் ஒருமுறை. ஆர்டர் குறைந்தால் ஷிப்டும் குறையும், தவணை தவறும், ஸ்கோர் இறங்கும். பிறகு மிஞ்சுவது பத்து வட்டி.

அதையே முதல் கணக்காக்கினேன். 10,000 ரூபாய்க்குப் பத்து வட்டி என்றால் மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000. அதாவது 120 சதவீதம். “அசலைவிட வட்டி அதிகம் சார்! அசல் இன்னும் அப்படியே இருக்கே!” என்றான் ஒருவன்.

அடுத்து, இறங்கிய ஸ்கோரை உயர்த்தும் வழிகளைக் குழுவாகப் பேசினோம்.

1. அறிக்கையைப் பார்த்தல்: சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தவறு இருந்தால் புகார் செய்யலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

2. பாக்கியை முடித்தல்: குறைத்துப் பேசிக் கட்டினால் ‘செட்டில்டு’ என்று பதிவாகும், அடுத்து கடன் தருபவர் தயங்குவார். முழுவதும் கட்டினால் ‘குளோஸ்டு’. பாக்கியில்லைச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

3. தவணை தவறாமை: 2,400 ரூபாய் தவணைக்குச் சனிக்கிழமைதோறும் 600 ஒதுக்கினால் நான்கு வாரத்தில் தயார். மாதக்கணக்கில் இப்படிக் கட்டினால் ஸ்கோர் மெல்ல ஏறும்.

பணம் கொடுத்தால் ஸ்கோரை ஏற்றித் தருகிறோம் என்பவர்களை நம்பக் கூடாது. உண்மையான பாக்கியை யாராலும் அழிக்க முடியாது. இதையும் கரும்பலகையில் எழுதினோம்.

ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்தக் குழந்தையிடமும் வீட்டுக் கடனை வகுப்பில் கேட்கக் கூடாது. நான் ஒரு கற்பனைக் குடும்பத்தின் கணக்கையே கொடுத்தேன். மறுநாள் அந்த மாணவி தனியாக வந்து, “அந்த இலவச அறிக்கையை எப்படி வாங்கறது சார்? அப்பா கேட்கச் சொன்னாரு” என்றாள். பாடம் வீடுவரை போயிருந்தது.