கடலோர விடுமுறை இல்லம்

பிரிட்டனின் மேற்கே வேல்ஸ் நாடு உள்ளது. அதன் வடமேற்குக் கடலோரச் சிற்றூர் அபர்சோக். கோடைதோறும் நகரக் குடும்பங்கள் அங்கு வந்து, தமக்குரிய விடுமுறை இல்லங்களில் தங்கும். சிறுவர் மணல்வீடு கட்டுவர், படகேறி மகிழ்வர். கோடை கழிந்ததும் அவ்வில்லங்கள் பூட்டப்படும். சாளரங்களில் விளக்கொளி இராது.

இத்தகைய இல்லங்கள் பெருகியதால் வீட்டுவிலை உயர்ந்தது. வெல்ஷ் மொழி பேசும் இளங்குடும்பங்கள் பல வேறிடம் பெயர்ந்தன. மாணவர் குறைந்தமையால், 2021ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வூர்ப் பள்ளி மூடப்பட்டது. 2023 முதல், இவ்வகை வீடுகளுக்கு 300 விழுக்காடு வரை கூடுதல் வரி விதிக்க உள்ளாட்சி மன்றங்களுக்குச் சட்டம் இடமளிக்கிறது.

கடல் விருந்தினரையும் மகிழ்விக்கும்; மொழியோ, அதை நாள்தோறும் பேசும் குழந்தைகள் வாழும் இடத்திலேதான் தழைக்கும்.

அருஞ்சொற்பொருள்: சாளரம் – ஜன்னல், விழுக்காடு – சதவீதம்.

வினா: அவ்வூர்ப் பள்ளி மூடப்பட்டதற்குக் காரணங்கள் யாவை?